உங்களுக்குத் தெரியுமா? சேதுக் கரையின் ஊசிகள்

நாக்கு உள்ள ஊசி

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் கரைகளில் வலை பின்னுகிறவர்கள் கையில் இருக்கும் வலை ஊசிக்குத் தையல் ஊசியைப் போலக் காது கிடையாது. தட்டையான உடல், ஒரு பக்கம் மழுங்கிய கூர், நடுவே குடைந்த இடத்தில் ஒரு நாக்கு, அடியில் ஒரு கவை. நூலை நாக்கில் மாட்டி, அடிக்கவை வழியே மறுபக்கம் கொண்டுபோய், ஊசியைத் திருப்பி மறுபடியும் நாக்கில் மாட்டுவார்கள். இப்படி மாற்றி மாற்றிச் சுற்றினால் பல மீட்டர் நூல் ஊசியின் உடம்பிலேயே தங்கிவிடும். ஊசியும் அதுவே, நூற்கண்டும் அதுவே. முன்பு மூங்கிலிலும் மரத்திலும் செதுக்கினார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

ஒரே ஊசியை எல்லா வலைக்கும் எடுத்துவிட முடியாது. நூல் நிறைந்த ஊசி வலைக்கண்ணுக்குள் தாராளமாகப் போய்வர வேண்டும். சின்னக் கண் வலைக்கு ஒல்லி ஊசி. அதில் நூல் கொஞ்சம்தான் பிடிக்கும், அடிக்கடி சுற்ற வேண்டியிருக்கும். பெரிய கண் வலைக்கு அகல ஊசி. கண்ணெல்லாம் ஒரே அளவாக விழுவதற்கு இடது கையில் ஓர் அளவுக்கட்டை இருக்கும். கட்டையைச் சுற்றி நூலை வளைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். பழகிய கை கண்ணால் பார்ப்பதே இல்லை.

அடைக்கும் முன் பெரிதாக்கு

கிழிந்த வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தவர் முதலில் எடுப்பது ஊசியை அல்ல, கத்தியை! ஓட்டையைச் சுற்றிப் பிய்ந்து தொங்கும் இழைகளை வெட்டி, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார். தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மூன்று இழை மிச்சமுள்ள முடிச்சு ஒன்று கிடைக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால், அறுக்காத ஒரே நூலில் வரிசை வரிசையாகப் பின்னி, கடைசி முடிச்சில் கச்சிதமாக வந்து நின்றுவிடலாம். வெட்டாமல் கிடைத்த இடத்தில் கட்டினால் வலை அந்த இடத்தில் சுருங்கி, இழுக்கும்போது மறுபடி அங்கேயே கிழியும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத வடிவக் கணிதம் இது. இதைக் கையில் வைத்திருப்பவர்களை நாம் தொழில்நுட்பம் அறிந்தவர்களின் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கிழிப்பது யார்? பாறை, பவளத்திட்டு, வேறொரு படகின் சுழல்விசிறி. அதோடு பேத்தை மீன். கிளி அலகு போன்ற பல்லால் நைலான் நூலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் வலை ஊசிகளுக்கு ஓய்வே இருக்காது.

உடலுக்குள் ஓர் ஊசி

ஊசிக்கணவாயைக் கழுவும்போது முதுகுப்பக்கம் கண்ணாடி போன்ற ஒரு நீளத் தகடு உருவி வருமே, அது எலும்பு இல்லை. நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் அதிலும் இருக்கிறது. நத்தையின் தூரத்து உறவினரான கணவாய் இனம், வெளியே சுமந்த ஓட்டைக் காலப்போக்கில் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பழைய ஓட்டில் மிஞ்சியதுதான் இந்தத் தகடு. ஓட்டுக்கணவாயில் அது சுண்ணாம்பு ஓடாகவே இன்னும் இருக்கிறது. பேய்க்கணவாயில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை.

கணவாய் பிடிக்கும் தூண்டிலும் தனி வகை. இறால் போலவோ சிறு மீன் போலவோ செய்த பொம்மையின் அடியில், மேல்நோக்கி வளைந்த ஊசிகள் கிரீடம் போல வட்டமாக நிற்கும். அந்த ஊசிகளில் கொக்கிச் செதில் கிடையாது. கணவாய் தன் கரங்களால் பொம்மையை அணைக்கும்போது மாட்டிக்கொள்ளும். படகில் தலைகீழாகப் பிடித்தால் தானே விழுந்துவிடும்.

பச்சை எலும்பு

முரல் மீனைக் குழம்பில் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, ஏனென்றால் அதன் முள் பச்சை நிறம். கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். பிலிவெர்டின் என்ற பித்த நிறமி எலும்பில் தங்குவதால் வரும் நிறம் அது. சாப்பிடுவதில் தவறே இல்லை.

பயப்பட வேண்டியது அந்த மீன் உயிரோடு இருக்கும்போதுதான். ஊசி போல நீண்ட அலகு, கூர்மையான பற்கள். இரவில் படகு விளக்கைக் கண்டால் நீரை விட்டு எகிறிப் பாய்கிற குணம் அதற்கு உண்டு. பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளில் முரல் பாய்ந்து கழுத்திலும் கண்ணிலும் காயம்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன. குத்தி நிற்கும் அலகைப் படகிலேயே பிடுங்கக் கூடாது. அப்படியே அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

படுத்திருக்கும் காந்த ஊசி

காந்த ஊசி வடக்கைக் காட்டும் என்று படித்திருக்கிறோம். அது பாதிதான். ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், பூமிக்குள்ளும் சாய்ந்து காட்டும். லண்டனில் திசைகாட்டிகள் செய்த ராபர்ட் நார்மன், ஊசியின் ஒரு முனை எப்போதும் கீழே தாழ்வதைக் கவனித்து, அந்தச் சாய்வை அளந்து 1581-ல் நூலாகவே வெளியிட்டார். டெல்லியில் இந்தச் சாய்வு 40 பாகைக்கும் மேல். தெற்கே வர வரச் சாய்வு குறைகிறது. ராமேஸ்வரம் பக்கம் வந்தால் கிட்டத்தட்டப் படுத்தேவிடும், ஏனென்றால் பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகத்தான் போகிறது.

இந்தப் படுத்த ஊசிக்கும் இந்திய விண்வெளிப் பயணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு மேற்காக வலிமையான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஆராய அந்தக் கோட்டுக்கு அருகிலிருந்து ராக்கெட் விட வேண்டும். அதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமம் தேர்வானது. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்தத் தளத்தை உருவாக்கிய இளம் பொறியாளர்களில் ஒருவர், ராமேஸ்வரத்தில் படகு கட்டியவரின் மகன் அப்துல் கலாம்.

படகில் இருக்கும் திசைகாட்டி பற்றி ஒரு செய்தி: அதில் ஊசி தனியாகத் தெரியாது. திரவத்தில் மிதக்கும் வட்ட அட்டையின் அடியில் காந்தம் இருக்கும், அட்டையே சுழலும். பக்கத்தில் ஒலிபெருக்கியையோ கைபேசியையோ வைத்தால் அட்டை திரும்பிவிடும். எல்லைக் கோட்டுக்கு அருகே தொழில் செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை தண்ணீரில் தெரிவதில்லை. காந்த ஊசியோ எந்தத் திசையில் போகிறோம் என்று சொல்லும், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஜிபிஎஸ் தேவைப்பட்டது.

மிளகாய்க்கு ஓர் ஊசி

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ந்த குண்டு மிளகாயை அமுக்கி அடைத்த சாக்கின் வாயைத் தைப்பது கோணி ஊசி. விரலைவிட நீளம், சணல் கயிறு நுழையும் பெரிய காது, முனையருகே லேசான வளைவு. வளைவு எதற்கு? நிறைந்த மூட்டையின் அடுத்த பக்கம் கை போகாது. குத்திய பக்கமே ஊசி வெளியே தலைகாட்ட வேண்டும்.

எண் பெரிதானால் ஊசி பெரிதா?

கையால் தைக்கும் ஊசியில் 10-ம் எண், 5-ம் எண்ணைவிட மெல்லியது. தையல் மெஷின் ஊசியில் தலைகீழ்: 16-ம் எண் தடிமன், 11-ம் எண் மெல்லிசு. மெஷின் ஊசி அட்டையில் 90 என்று இன்னோர் எண் இருந்தால், ஊசித் தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று பொருள். மருத்துவமனை ஊசியில் மறுபடியும் எண் கூடினால் ஊசி மெலியும். ரத்ததானத்துக்கு 16 கேஜ், சுமார் 1.65 மில்லிமீட்டர். இன்சுலின் பேனாவுக்கு 31 கேஜ், சுமார் கால் மில்லிமீட்டர்தான். தூண்டில் முள்ளிலும் சாதாரண எண் வரிசையில் எண் ஏற ஏற முள் சிறிதாகும்; 1/0, 2/0 என்று எழுதும் பெரிய முட்களில் மட்டும் தலைகீழ்.

இடுப்பில் முள்வாங்கி

கருவேலும் உடையும் நிறைந்த மண்ணில் நடந்தவர்கள் ஒரு காலத்தில் இடுப்பில் முள்வாங்கியைக் கட்டியிருந்தார்கள். ஒரே வளையத்தில் முள் தோண்ட ஓர் ஊசி, பிடித்து இழுக்க ஓர் இடுக்கி, காது அழுக்கெடுக்க ஒரு குட்டிக் கரண்டி. முதலுதவிப் பெட்டியை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

வைகைக் கரையின் செப்பு ஊசி

ராமநாதபுரம் கடலில் கலக்கும் வைகையின் கரையில், மேலே போனால் கீழடி. 1985 வரை அந்தப் பகுதியும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கே நூல் நூற்கும் தக்களிகள், கூர் செதுக்கிய எலும்பு முனைகள், தறியில் தொங்கவிடும் கற்கள் ஆகியவற்றோடு செம்பில் செய்த ஊசியும் கிடைத்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. மன்னர்கள் வென்ற போர்களைவிட, யாரோ ஒருவர் துணி தைத்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓலையைக் கீறிய ஊசி

எழுத்தாணியில் வகைகள் உண்டு. தலைப்பக்கம் கனமாக, குட்டையாக இருப்பது குண்டெழுத்தாணி. நீளமாக, ஓலையில் செய்த உறையில் செருகி வைப்பது வாரெழுத்தாணி. பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. எழுத்தாணிக்கு மை தேவையில்லை. அது கீறத்தான் செய்யும். புதிதாக எழுதிய ஓலையில் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்த பிறகுதான் கீறலில் கருமை தங்கி எழுத்து துலங்கும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமலே எழுதிப் போனார்கள். பின்னால் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு இந்த இல்லாத புள்ளிகளால் வந்தது.

அட்டையைத் தடவிப் படிக்கும் ஊசிகள்

பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் கைத்தறிச் சேலையின் முந்தியில் பூவும் மயிலும் விழுவது எப்படி? தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குள் வரிசை வரிசையாகப் படுக்கை ஊசிகள் இருக்கின்றன. முன்னால் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை வந்து ஊசிகள் மேல் அழுந்தும். துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும். அதோடு இணைந்த கொக்கி இடம் மாறாமல் நிற்கும். பாவு நூல் மேலே தூக்கப்படும். துளை இல்லையென்றால் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி நழுவும், நூல் கீழேயே கிடக்கும். தூக்கு, தூக்காதே. இந்த இரண்டே சொல்லில் ஒரு மயிலை எழுதிவிடலாம்.

பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு இதை 1804-ல் உருவாக்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குக் கட்டளையிட இதே துளை அட்டையை எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் அமைத்த இயந்திரமும் ஊசிகளால்தான் படித்தது. அட்டையின் துளை வழியே இறங்கிய ஊசி அடியில் இருந்த பாதரசத்தைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து, கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் நகரும். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924-ல் ஐபிஎம் என்ற பெயர் பெற்றது.

தறிக்காரர்களின் பிள்ளைகள் கணினி படிக்க ஊரை விட்டுப் போகிறார்கள். அவர்கள் படிக்கப்போகும் விஷயத்தின் மூத்த உறவு வீட்டுத் தறியிலேயே இருப்பதை யாராவது வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்கும்.

விஷ ஊசி, மருந்து ஊசி

மன்னார் வளைகுடாவில் வாழும் கூம்பு நத்தைகளின் ஓடு அழகு, அதனாலேயே ஆபத்து. உயிருள்ள நத்தை, குழல் போன்ற வாயை நீட்டி, உள்ளீடற்ற ஒரு பல்லை ஈட்டியாகச் செலுத்தும். அந்தப் பல்லின் வழியே விஷம் இறங்கும். மருத்துவர் கையில் இருக்கும் ஊசி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதே அமைப்பு கடலடியில் வேலை செய்துகொண்டிருந்தது. சில இனங்களின் குத்து மனிதரையே கொல்லும். கரையில் ஒதுங்கிய கூம்புச் சிப்பியை, உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள்.

ஆனால் இந்த விஷத்தின் ஒரு கூறு வலிநிவாரணியாகவும் ஆனது. பசிபிக் பகுதி கூம்பு நத்தை ஒன்றின் நஞ்சைப் பார்த்து உருவாக்கிய சிக்கோனோடைடு என்ற மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் நேரடியாகச் செலுத்துகிறார்கள்.

சொறிமீன் பட்டால் எரிகிறதே, அதுவும் ஊசிதான். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கொட்டும் உயிரணுவுக்குள்ளும் ஒரு நுண்குழல் சுருண்டிருக்கும். சொறிமீனின் உறவான ஹைட்ராவில் அளந்தபோது, அந்தக் குழலின் நுனி வெளியே பாய எடுத்த நேரம் 700 நானோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடவும் குறைவு!

திருக்கை முள் குத்தினால்

பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் காலை அமிழ்த்துங்கள். திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. சூட்டில் சிதையும், வலி குறையும். முள்ளின் இருபுறமும் பின்னோக்கிய பற்கள் உண்டு என்பதால் ஆழமாகப் பதிந்ததை இழுக்க வேண்டாம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் தொடவே வேண்டாம். மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும்.

அம்மையை விரட்டிய கவை

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலரின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். முதலில் இங்கே பயன்பட்டது பல முனைகள் கொண்ட திருகு கருவி. வலியும் அதிகம், தழும்பும் பெரிது. பிறகு வந்தது இருமுனை ஊசி. அமெரிக்காவில் வைத் நிறுவனத்தின் பெஞ்சமின் ரூபின் 1960-களில் தையல் ஊசியின் காதைத் தேய்த்து, மேல்பாகம் போய் இரண்டு முள்ளாக நிற்கும்படி செய்தார். அந்தக் கவைக்குள் ஒரு துளி மருந்து தானாகத் தங்கும். தோலில் 15 முறை மெல்லக் குத்தினால் போதும். ஒருவருக்கு ஆன மருந்தில் நான்கு பேருக்குப் போட முடிந்தது. கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தலாம். சில நிமிடங்களில் யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை பரவியது 1975 மே மாதம். 1977 ஏப்ரலில் நாடு பெரியம்மை அற்றதாக அறிவிக்கப்பட்டது.

வேல் குத்தும்போது

பங்குனி உத்திரத்துக்கு ராமநாதபுரம் வழிவிடு முருகன் கோவிலில் காவடியும் அலகும் திரளும். வாயின் உட்பகுதிக் காயம் வெளித்தோலைவிட வேகமாக ஆறும். கன்னத்தில் குத்திய வேலின் தடம் சீக்கிரம் மறைய இதுவும் ஒரு காரணம். வேண்டுதல் உங்கள் விருப்பம். ஆனால் ஒருவருக்குக் குத்திய வேலைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்த விடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பச்சை குத்தும் ஊசிக்கும் இதே கண்டிப்பு தேவை.

குப்பைக்குப் போகக் கூடாத ஊசி

வீட்டில் இன்சுலின் போட்ட ஊசியை எங்கே போடுகிறீர்கள்? 2016-ன் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. மற்றக் குப்பையோடு சேரக் கூடாது. மருத்துவமனைகளில் குத்திப் பொத்தாத வெள்ளைப் பெட்டி இதற்கென்றே உண்டு. வீட்டில் கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ கேட்டுக் கொடுங்கள். பாலித்தீன் பையில் கட்டிப் போட்ட ஊசி, அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய் ஏறும்.

முத்துக்குள் போகும் ஊசிகள்

சிப்பிக்கு முத்து விதைப்பது ஓர் அறுவைச் சிகிச்சை. வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய சிறு திசுத் துண்டை ஊசி முனையில் எடுத்து, சிப்பியின் உடலுக்குள் பாதை திறந்து, ஓட்டில் கடைந்த உருண்டை மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். திசு மணியைத் தொடாமல் நின்றால் முத்து உருவாகாது. மண்டபத்தில் வளர்ந்து, 1971-ல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி, 1973-ல் தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை இப்படித்தான் எடுத்தார்.

விளைந்த முத்தைக் கோக்கத் துளையிடுவது அடுத்த வித்தை. பழைய முறையில், கயிறு சுற்றிய வில்லை முன்னும் பின்னும் இழுத்து ஊசியைச் சுழற்றுவார்கள். ஒரு பக்கத்திலிருந்தே முழுதும் துளைத்தால் ஊசி வெளிவரும் இடத்தில் முத்து சில்லுப் பெயரும். அதனால் பாதி வரை துளைத்து, திருப்பி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நடுவில் சந்திக்க வைப்பார்கள்.

காதே இல்லாத ஊசி

அறுவைச் சிகிச்சை ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது காது கிடையாது. காதில் கோத்தால் நூல் இரட்டையாகி, ஊசி போன வழியை அகலப்படுத்திக் கிழிக்கும். அதனால் ஊசியின் பின்முனையில் துளையிட்டு, நூலை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்க வைத்துவிடுகிறார்கள். கண் அறுவைக்கான நைலான் நூலில் மிக மெல்லிய வகையின் தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு; தலைமுடியில் பாதிகூட இல்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமான ஆரோலேப், 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைச் செய்து, பின்னர் இத்தகைய ஊசி நூல்களையும் உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்குக்கே இந்த லென்ஸ் கிடைத்ததால்தான், உப்பளத்து வெயிலிலும் கடல் வெளிச்சத்திலும் கண் மங்கியவர்கள் பலருக்குப் புரை அறுவை எட்டும் தூரத்துக்கு வந்தது.